பேரடை ஒளிப்படங்களில் பல தொலைநோக்கித் தரவு இணைப்பு

ஒரே விண்மீன் பேரடையை வெவ்வேறு தொலைநோக்கிகள் வழியே பதிவு செய்து, அந்தத் தரவுகளைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி ஒரே படமாக்கும் முறை பல தொலைநோக்கித் தரவு இணைப்பு எனப்படுகிறது. 1845இல் அயர்லாந்தின் பிர் கோட்டையில் ரோஸ் பிரபு தம் 72 அங்குலத் தொலைநோக்கியில் எம் 51 பேரடையின் சுருள் வடிவைக் கண்டபோது, அந்த ஒற்றைக் கண்ணாடி காட்டியதைத்தான் அவரால் வரைய முடிந்தது. டிஜிட்டல் கேமரா வந்தபின் வான்படம் என்பது எண்களின் அட்டவணை ஆகிவிட்டது. எண்களைக் கூட்டலாம், கழிக்கலாம், சராசரி எடுக்கலாம். அவை ஸ்பெயின் மலையுச்சியிலிருந்து வந்தவையா, நகரத்து மொட்டைமாடியிலிருந்து வந்தவையா என்று கணினி கேட்பதில்லை.

கேட்க வேண்டியவர் படத்தை ஆக்குபவர். எல்லாத் தரவையும் கொட்டிக் கலக்கினால் படம் நன்றாக வரும் என்பது தொடக்கநிலையில் பலருக்கும் உள்ள எண்ணம். பல வேளைகளில் அது இருந்த நல்ல படத்தையும் கெடுத்துவிடும். எந்தக் கருவி எதை நன்றாகப் பார்த்ததோ அந்த வேலையை அதற்குக் கொடுத்து, மற்றதில் அதை ஒதுங்கியிருக்கச் செய்வதில்தான் இம்முறையின் திறமை முழுவதும் அடங்கியிருக்கிறது.

ஒரே தொலைநோக்கி ஏன் போதவில்லை

பேரடைகள் வானில் அளவில் பெரிதும் வேறுபடுகின்றன. அண்ட்ரோமிடா எனப்படும் எம் 31 வானத்தில் ஏறத்தாழ 3 பாகை நீளம்; முழுநிலவை ஆறு முறை அடுத்தடுத்து வைத்த நீளம் அது. எம் 51 அதன் துணைப் பேரடையோடு சேர்ந்தும் சுமார் 11 கலைதான். (ஒரு பாகையின் 60இல் ஒரு பங்கு கலை, ஒரு கலையின் 60இல் ஒரு பங்கு விகலை.) இரண்டையும் ஒரே கருவியால் ஒரே தரத்தில் எடுக்க இயலாது.

ஒவ்வொரு பேரடைக்குள்ளும் இதே முரண்பாடு உண்டு. மையத்தை ஒட்டிய தூசிக் கோடுகள், சுருள் கைகளில் சிவந்து தெரியும் ஹைட்ரஜன் முகில்கள் ஆகியவை நுணுக்கமானவை. அவற்றைப் பிரித்துக் காட்ட நீண்ட குவியத் தூரமும் பெரிய கண்ணாடியும் வேண்டும். வெளி விளிம்பின் மங்கிய ஒளிவட்டம், பக்கத்துப் பேரடையின் ஈர்ப்பு இழுத்துச் சிதறடித்த விண்மீன் தாரைகள் ஆகியவை பரந்தவை. அவற்றைச் சுற்றிப் பேரடையின் சாயலே இல்லாத வெற்று வானமும் படத்தில் இருந்தால்தான் பின்னணி எங்கே முடிகிறது, பேரடை எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியும். அதற்கு அகன்ற பார்வைப்புலம் தேவை. ஒன்றுக்கு உகந்த கருவி மற்றொன்றுக்கு உகந்ததாக இருப்பதில்லை.

மூன்றாவது காரணம் நேரம். படத்தில் உள்ள சமிக்ஞைக்கும் இரைச்சலுக்கும் இடையிலான விகிதம், பதிவு நேரத்தின் வர்க்கமூலத்துக்கு ஏற்பவே உயர்கிறது. இரைச்சலை ஒப்பீட்டளவில் பாதியாக்க நான்கு மடங்கு நேரம் வேண்டும். 10 மணி நேரப் படத்தை அந்த அளவுக்கு மேம்படுத்த 40 மணி நேரம். மழையும் முகிலும் நிலவொளியும் போக எஞ்சும் இரவுகளில் ஒருவர் தனியாக அதைத் தேற்ற ஒரு பருவமே ஆகிவிடலாம். நான்கு ஊர்களில் நான்கு பேர் ஒரே வாரத்தில் அதை முடித்துவிடலாம். அவர்களிடம் ஒரே வகைத் தொலைநோக்கி இருப்பது அரிது.

பிக்சல் கணக்கு

எந்தத் தரவு எதற்குப் பயன்படும் என்பதைத் தீர்மானிக்கும் முதல் எண், ஒரு பிக்சல் வானத்தில் எத்தனை விகலையை அளக்கிறது என்பது. கேமரா பிக்சலின் அகலத்தை மைக்ரோமீட்டரில் எடுத்து, 206.265ஆல் பெருக்கி, மில்லிமீட்டரில் உள்ள குவியத் தூரத்தால் வகுத்தால் அது கிடைக்கும்.

ஆர்வலர்களிடம் பரவலாக உள்ள இரண்டு கருவிகளை எடுத்துக்கொள்ளலாம். முதலாவது, 80 மி.மீ. விட்டமும் 480 மி.மீ. குவியத் தூரமும் கொண்ட சிறிய லென்ஸ் தொலைநோக்கி. இரண்டாவது, 203 மி.மீ. விட்டமும் 2,032 மி.மீ. குவியத் தூரமும் கொண்ட 8 அங்குல ஷ்மிட்-காசெக்ரெயின் வகைக் கண்ணாடித் தொலைநோக்கி. இரண்டிலும் 3.76 மைக்ரோமீட்டர் பிக்சல் உள்ள, குறுக்கே 6,248 பிக்சல்கள் கொண்ட ஏபிஎஸ்-சி அளவுக் கேமராவைப் பொருத்தினால், முதலாவதில் ஒரு பிக்சல் 1.62 விகலை, இரண்டாவதில் 0.38 விகலை. முதலாவதின் பார்வைப்புலம் 2.8 பாகை அகலம். இரண்டாவதில் சுமார் 40 கலைதான். எம் 51 முதலாவதில் 416 பிக்சல் அகலத்துக்குள் ஒடுங்கிவிடும். இரண்டாவதில் 1,760 பிக்சல் வரை விரியும். எம் 31ஐ முதலாவதில் மூலைவிட்டமாக வைத்து முழுவதும் அடக்கலாம். இரண்டாவதில் பகுதி பகுதியாக எடுத்து மொசைக் ஆக்கினால்தான் உண்டு.

இங்கே ஒரு பழைய வாதம் எழும். குவியத் தூரத்தை விட்டத்தால் வகுத்துப் பெறும் எஃப் எண்ணில் சிறிய தொலைநோக்கி எஃப் 6, பெரியது எஃப் 10. ஆகவே சிறியதுதான் வேகமானது என்பார்கள். ஒற்றைப் பிக்சலை மட்டும் பார்த்தால் அது சரி: ஒரே நேரத்தில் சிறியதன் பிக்சல் ஏறக்குறைய 2.8 மடங்கு ஒளியைச் சேர்க்கிறது. ஆனால் அந்தப் பிக்சல் பெரியதன் 18 பிக்சல்கள் மூடும் வானப் பரப்பை மூடுகிறது. வானத்தின் ஒரே பரப்பை எடுத்து ஒப்பிட்டால் கணக்கு தலைகீழாகும். நடுக் கண்ணாடி மறைக்கும் ஒளியைக் கழித்த பிறகும் 8 அங்குலக் கருவி ஐந்து மடங்குக்கு மேல் ஒளி சேர்க்கிறது. அதன் படத்தைச் சிறியதன் அளவுக்குச் சுருக்கினால் இந்த ஆதாயம் வெளிப்படும். ஆக, குறைந்த குவியத் தூரக் கருவியின் உண்மையான வலிமை அதன் அகன்ற பார்வையில் இருக்கிறது.

காற்றும் தன் பங்கைக் கேட்கும். விண்மீனின் புள்ளி ஒளியை வளிமண்டலக் கலக்கம் பெரும்பாலான இடங்களில் 2 முதல் 4 விகலை அகலத்துக்குப் பரப்பிவிடுகிறது. 3 விகலைக் கலக்கத்தில் 0.38 விகலைப் பிக்சல் தேவைக்கு மேல் நுணுக்கமானது. அங்கே மங்கலையே பல பிக்சல்களில் பதிவு செய்கிறோம். ஆகவே இணைப்பில் பலர் நடுவழி எடுக்கிறார்கள்: பெரியதைப் பாதியாகச் சுருக்கி 0.76 விகலைக்குக் கொண்டுவந்து, சிறியதை அந்த அளவுக்கு விரித்து, இரண்டையும் அங்கே சந்திக்க வைப்பது. விரிப்பதால் சிறியதில் புதிய நுணுக்கம் எதுவும் பிறப்பதில்லை. 80 மி.மீ. விட்டத்துக்கு ஒளியியல் வரம்பே சுமார் 1.45 விகலை, அதற்கு மேல் அதனிடம் கேட்பதில் பொருளில்லை.

வேலைப் பங்கீடு

அதிகம் புழங்கும் பங்கீடு, ஒளிர்வை ஒரு தொலைநோக்கியிடமும் நிறத்தை மற்றொன்றிடமும் கொடுப்பது. மனிதக் கண் வெளிச்ச வேறுபாட்டைக் கூர்மையாகப் பிடிக்கும். நிற வேறுபாட்டை அவ்வளவு நுணுக்கமாகப் பிடிக்காது. தொலைக்காட்சி ஒளிபரப்பும் ஜேபெக் கோப்பும் நிறத் தகவலைக் குறைந்த நுணுக்கத்தில் சேமித்து இடம் மிச்சப்படுத்துவது இதை நம்பித்தான். அதே துணிவில், பெரிய தொலைநோக்கி வடிகட்டி இல்லாமலோ ஒளிர்வு வடிகட்டியுடனோ வடிவத்தைப் பதிவு செய்ய, சிறியது சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் திரட்டித் தருகிறது. எம் 51இன் தூசிக் கோடு 2,032 மி.மீ. கருவியிலிருந்தும், அதன் மேல் படியும் நீலமும் மஞ்சளும் 480 மி.மீ. கருவியிலிருந்தும் வந்தாலும் பார்ப்பவர் கண்ணுக்குப் பிசிறு தெரியாது. தெரியும் ஒரே இடம் விண்மீன்கள். அதைப் பின்னர் பார்க்கலாம்.

இரண்டாவது பங்கீடு அளவு சார்ந்தது. கணிதத்தில் ஒரு படத்தை நுண்ணிய, இடைநிலை, பரந்த அமைப்புகளாக அலைக்கூறு முறையில் பிரிக்க முடியும். நுண்ணிய அடுக்குகளை நீண்ட குவியத் தூரப் படத்திலிருந்தும், பரந்த அடுக்கை அகன்ற படத்திலிருந்தும் எடுத்து மீண்டும் சேர்ப்பார்கள். எம் 81, எம் 82 பேரடைகள் இதற்குப் பொருத்தமான களம். சுமார் 1.2 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள இவ்விரண்டும் வானில் அரைப் பாகையை விடச் சற்றே அதிகமாக விலகியிருக்கின்றன. அவற்றின் முன்னால் நம் பால்வீதியைச் சேர்ந்த தூசிப் படலம் மிக மங்கலாகத் திரை விரித்திருக்கிறது. விண்மீன்களின் மொத்த ஒளியை வாங்கிச் சிதறடிக்கும் அந்தத் தூசி, குறுகிய புலத்தில் பின்னணிக் கறைபோலத்தான் தெரியும். ஒளி மாசு என்று நினைத்து மென்பொருள் அதைத் துடைத்துவிடவும் கூடும். அகன்ற படமே அதற்கு ஆதாரம்.

அகன்ற படத்தின் இந்தப் பயன் இன்று தனி நுட்பமாகவே வளர்ந்திருக்கிறது. நகர ஒளி, நிலவொளி, வானொளி ஆகியவை குறுகிய படத்தில் ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குச் சரிவாக விழும். அதைக் கண்மதிப்பில் கழித்தால் பேரடையின் மங்கிய விளிம்பும் சேர்ந்து போய்விடும். அதே பகுதியின் அகன்ற படத்தை அளவுகோலாக வைத்தால் சரிவில் எவ்வளவு பொய், எவ்வளவு மெய் என்று கணக்கிடலாம். ஸ்பெயினைச் சேர்ந்த விசென்ட் பெரிஸ் நெடுங்காலம் வலியுறுத்திவந்த இம்முறை, பிக்ஸ்இன்சைட் மென்பொருளில் வானம் முழுவதற்குமான ஒப்பீட்டுத் தரவுத் திட்டமாக விரிந்துவருகிறது.

குறும்பட்டை வடிகட்டிகள்

மூன்றாவது பங்கீடு நிறமாலை சார்ந்தது. ஒருவர் அகன்ற நிறங்களையும், இன்னொருவர் ஹைட்ரஜன்-ஆல்ஃபா எனப்படும் 656.28 நானோமீட்டர் ஒளியை மட்டும் குறும்பட்டை வடிகட்டியாலும் பதிவு செய்வது. எம் 82இன் மையத்திலிருந்து மேலும் கீழும் பீறிட்டுக் கிளம்பும் சிவப்பு வாயுவும், எம் 33இல் உள்ள என்ஜிசி 604 போன்ற விண்மீன் பிறப்பிடங்களும் இதில் துலங்கும்.

பேரடைக்குள் இந்த வடிகட்டி வழியே ஹைட்ரஜன் ஒளி மட்டும் வருவதில்லை. அதே அலைநீளத்தில் கோடிக்கணக்கான விண்மீன்களின் தொடர் ஒளியும் வருகிறது. எனவே சிவப்புப் படத்தை ஒரு மாறிலியால் பெருக்கிக் கழிக்கிறார்கள். விண்மீன்கள் மறையும் அளவுக்கு அந்த மாறிலியைச் சரிசெய்தால் எஞ்சுவது வாயு. சிவப்புப் படம் ஒரு தொலைநோக்கியிலும் ஹைட்ரஜன் படம் வேறொன்றிலும் எடுக்கப்பட்டிருந்தால், கழிப்பதற்கு முன் இரண்டின் விண்மீன் அகலமும் ஒன்றாக்கப்பட வேண்டும். இல்லையென்றால் ஒவ்வொரு விண்மீனைச் சுற்றியும் கறுப்பு வளையமோ சிவப்பு வளையமோ மிஞ்சும்.

கருவி வேறுபாடு இங்கே மறைமுகமாகவும் குறுக்கிடும். எம் 51 நம்மை விட்டு விநாடிக்கு சுமார் 460 கி.மீ. வேகத்தில் விலகுவதால் அதன் ஹைட்ரஜன் ஒளி ஏறத்தாழ 1 நானோமீட்டர் சிவப்புப் பக்கம் நகர்கிறது. 3 நானோமீட்டர் வடிகட்டியின் மையத்திலிருந்து விளிம்புக்கு 1.5 நானோமீட்டர்தான். அதே வடிகட்டியை எஃப் 2 போன்ற வேகமான ஒளியியலில் பொருத்தினால், சாய்ந்து நுழையும் கதிர்களால் வடிகட்டியின் சாளரம் நீலப் பக்கம் நகரும். பேரடை ஒரு பக்கம், வடிகட்டி எதிர்ப்பக்கம் எனப் பிரிந்து சமிக்ஞை மெலியும். ஒரே வடிகட்டி, ஒரே பேரடை. ஆனால் எஃப் 10 கருவியில் வந்த சிவப்பு எஃப் 2 கருவியில் வராமல் போவது இதனால்தான். அண்ட்ரோமிடா விநாடிக்கு 300 கி.மீ. வேகத்தில் நம்மை நோக்கி வருவதால் அதன் ஒளி 0.66 நானோமீட்டர் நீலப் பக்கம் நகர்கிறது. பெர்சியஸ் கொத்தின் என்ஜிசி 1275இல் பெயர்ச்சி 11 நானோமீட்டரைத் தாண்டுகிறது. சாதாரண ஹைட்ரஜன் வடிகட்டி அதை முற்றிலும் தவறவிடும்.

இணைக்கும் வரிசை

ஒவ்வொரு தொலைநோக்கியின் தரவும் முதலில் தனித்தனியாகவே தூய்மையாக வேண்டும். கேமராவின் இருள் சமிக்ஞை, கண்ணாடியின் தூசி நிழல், மூலை மங்கல் ஆகியவை கருவிக்குக் கருவி வேறு. ஒன்றின் திருத்தப் படங்கள் மற்றொன்றுக்கு உதவா. தூய்மையான படங்களை அடுக்கிக் கருவிக்கொரு தலைமைப் படம் உருவாக்குவார்கள். அது நீட்டப்படாத, அதாவது பிக்சல் எண் விழுந்த ஒளிக்கு நேர்விகிதத்தில் இருக்கும் கோப்பாக இருக்க வேண்டும். திரைக்கு அழகாக வெளிச்சமாக்கிய ஜேபெக் படத்தைக் கூட்டாளிக்கு அனுப்பினால், பிறகு எந்தக் கணக்கும் ஒத்துவராது. வானியலில் 1981 முதல் புழங்கும் ஃபிட்ஸ் கோப்பு வடிவமே இன்றும் பொது மொழி.

அடுத்தது பொருத்தல். படத்தில் உள்ள விண்மீன்களின் அமைப்பை அட்டவணையோடு ஒப்பிட்டு, அது வானத்தின் எந்தப் பகுதி, எந்தக் கோணம், எந்த அளவு என்று மென்பொருள் கண்டுபிடிக்கிறது. ஒற்றைக் கண்ணாடியில் நேரடியாக எடுத்த படம் இடவலம் மாறியிருக்கும். அதையும் இது திருப்பிவிடும். வெவ்வேறு லென்ஸ்கள் ஓரங்களை வெவ்வேறு விதமாக வளைப்பதால், சுழற்றி விரித்தால் மட்டும் போதாது. இடத்துக்கு இடம் மாறும் வளைவுத் திருத்தமும் வேண்டும். அதைச் செய்யாவிட்டால் நடுவில் விண்மீன்கள் ஒன்றியும் மூலைகளில் இரட்டையாகவும் தெரியும்.

பிறகு சமன்செய்தல். ஒன்று இருண்ட கிராமத்திலும் மற்றொன்று நகரிலும் எடுத்த படங்களில் பின்னணியும் வெளிச்ச அளவும் வேறு வேறு. கச்சேரிக்கு முன் வாத்தியங்கள் சுருதி சேர்ப்பதுபோல, எல்லாப் படங்களையும் பகுதி பகுதியாக ஒரு மேற்கோள் படத்தின் அளவுக்குக் கொண்டுவருகிறார்கள். நிறத்துக்கு ஐரோப்பிய விண்வெளி முகமையின் கையா விண்கலம் அளந்த விண்மீன் நிறமாலைகள் பொது அளவுகோலாகின்றன. 2022இல் வெளியான அதன் மூன்றாம் தரவுத் தொகுப்பைக் கொண்டு ஒவ்வொரு கேமரா, வடிகட்டி இணைக்கும் தனித்தனியே நிறத்தைத் திருத்த முடிகிறது.

எடை

அடுத்து வரும் கேள்வி, எந்தப் படத்துக்கு எவ்வளவு மதிப்பு. ஒரே சமிக்ஞையை இரு படங்கள் காட்டுகின்றன. முதலாவதில் சமிக்ஞை-இரைச்சல் விகிதம் 20, இரண்டாவதில் 10 என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் சரிபாதியாகச் சராசரி எடுத்தால் விகிதம் 17.9 ஆகும். நல்ல படத்தைத் தனியாக விட்டிருந்தால் 20 இருந்திருக்கும். கூட்டாளி சேர்ந்ததால் நட்டம். இரைச்சலின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில், அதாவது 4:1 என்று எடை கொடுத்தால் 22.4 கிடைக்கும். ஆதாயம் சிறிதுதான், ஆனால் நட்டமில்லை.

இரைச்சலை மட்டும் வைத்து எடை போட்டாலும் சிக்கல் உண்டு. விண்மீன் அகலம் 4 விகலையாக உள்ள, இரைச்சல் குறைந்த 50 மணி நேரப் படமும், 2 விகலையாக உள்ள 10 மணி நேரப் படமும் இருந்தால், கணினி முதலாவதற்கே முன்னுரிமை தரும். தூசிக் கோடுகள் கரைந்துபோகும். இத்தகைய இடங்களில் அனுபவசாலிகள் எடையை அளவு வாரியாகப் பிரிக்கிறார்கள்: மங்கிய வெளிவட்டத்துக்கு 50 மணி நேரமும் சேரட்டும், மையத்தின் நுணுக்கத்துக்கு அந்த 10 மணி நேரம் மட்டும் பேசட்டும் என்று.

எம் 106: ஒரு முன்மாதிரி

2013இல் ஹபிள் தொலைநோக்கியின் பாரம்பரியப் படக்குழு வெளியிட்ட எம் 106 படம் இம்முறையின் செம்மையான எடுத்துக்காட்டு. அமெரிக்க மருத்துவரும் அமெச்சூர் வான்ஒளிப்படக்காரருமான ராபர்ட் ஜென்ட்லர், ஹபிளின் பொதுக் காப்பகத்திலிருந்து இந்தப் பேரடையின் பழைய பதிவுகளைத் திரட்டி மையப் பகுதியை மொசைக் ஆக்கினார். ஹபிளின் கேமராக்கள் பேரடை முழுவதையும் மூடியிருக்கவில்லை. 2.4 மீட்டர் கண்ணாடி கொண்ட அந்த விண்கலத்தின் மேம்பட்ட ஆய்வுக் கேமரா ஒரு பிக்சலுக்கு 0.05 விகலை என்ற நுணுக்கத்தில் பார்க்கும். ஆனால் அதன் புலம் மூன்றரைக் கலைக்கும் குறைவு.

இடைவெளிகளை நிரப்ப ஜென்ட்லர் தம் பதிவுகளையும் சக ஒளிப்படக்காரர் ஜே கபானியின் பதிவுகளையும் எடுத்துக்கொண்டார். அவை நியூ மெக்சிகோவின் இருண்ட தளங்களில் இருந்த 12.5 அங்குல, 20 அங்குலத் தொலைநோக்கிகளில் எடுத்தவை. மையம் ஏறக்குறைய முழுவதும் ஹபிளின் தரவு; வெளிச் சுருள் கைகளில் வடிவம் பெரும்பாலும் ஹபிளுடையது, நிறம் தரையிலிருந்து வந்தது; ஹபிள் பார்க்காத இடங்கள் முழுவதும் தரைத் தரவு. சுமார் 2.4 கோடி ஒளியாண்டு தொலைவில் உள்ள அந்தப் பேரடையில், வழக்கமான சுருள் கைகளோடு ஒட்டாமல் கிளம்பும் சிவந்த ஹைட்ரஜன் கைகளும் இப்படத்தில் தெளிவாகத் தெரிகின்றன.

தொழில்முறை உலகுக்கும் இது புதிதல்ல. 2006இல் வெளியான எம் 101இன் பேருருவப் படம் ஹபிளின் 51 தனிப் பதிவுகளோடு ஹவாய், அரிசோனா தரைத் தொலைநோக்கிகளின் படங்களையும் சேர்த்து உருவானது. ஜென்ட்லரின் படத்தில் வேறுபாடு, கலவையை வழிநடத்தியவர் ஆய்வக ஊழியர் அல்லர் என்பதே.

இரண்டாவது தொலைநோக்கி சாட்சியாக

இணைப்பால் படம் அழகாவதோடு ஒரு பதிவை இன்னொன்று சோதிக்கவும் முடிகிறது. கேமராவுக்குள் பிரதிபலித்த ஒளி, அடுக்கும்போது மிஞ்சிய சரிவு, வடிகட்டி உண்டாக்கிய ஒளிவட்டம் ஆகியவை எல்லாம் மங்கிய நெபுலாவைப் போலவே தோன்றும். வேறு கண்ணாடி, வேறு வடிகட்டி, வேறு ஊர் என்று மாறியும் அதே இடத்தில் அதே வடிவம் தெரிந்தால், அது வானத்தில் இருக்கிறது.

2022இல் பிரான்ஸின் யான் செய்ன்டி 106 மி.மீ. லென்ஸ் தொலைநோக்கியில் அண்ட்ரோமிடாவை 100 மணி நேரத்துக்கு மேல் பதிவு செய்தார். மார்செல் ட்ரெக்ஸ்லர், சேவியர் ஸ்ட்ராட்னர் இருவருடன் சேர்ந்து அந்தத் தரவை ஆராய்ந்தபோது, ஆக்சிஜன்-3 எனப்படும் 500.7 நானோமீட்டர் ஒளியில் பேரடையின் தென்கிழக்கே ஒன்றரைப் பாகை நீளத்துக்கு ஒரு நீல வளைவு தெரிந்தது. உலகிலேயே அதிகம் படம் எடுக்கப்பட்ட பேரடைக்கு அருகில் அதுவரை எவரும் பார்க்காத ஒன்று. கருவிப் பிழை என்ற ஐயம் இயல்பு. அமெரிக்கா உள்ளிட்ட பிற இடங்களில் வேறு தொலைநோக்கிகளால் எடுத்த பதிவுகளிலும் அது தெரிந்த பிறகே, தொழில்முறை வானியலாளர்களையும் சேர்த்துக்கொண்டு 2023 ஜனவரியில் ஆய்வுக் குறிப்பு வெளியிட்டார்கள். அந்த வாயு அண்ட்ரோமிடாவுக்கு உரியதா, நம் பால்வீதியில் முன்னால் கிடப்பதா என்ற விவாதம் அதன் பிறகு தொடர்ந்தது. வளைவு இருக்கிறதா என்ற கேள்வி மட்டும் தீர்ந்துவிட்டது.

எதிர்த்திசைப் பாடமும் உண்டு. சுமார் 5 கோடி ஒளியாண்டு தொலைவில் விளிம்பு காட்டி நிற்கும் என்ஜிசி 5907ஐச் சுற்றி விண்மீன் தாரை பல வளையங்களாகச் சுழல்வதை 2008இல் டேவிட் மார்டினெஸ்-டெல்கடோ குழு வெளியிட்டது; அதற்கான பதிவு கபானியின் அரை மீட்டர் தொலைநோக்கியில் எடுக்கப்பட்டது. படம் புகழ்பெற்றது, பாடநூல் எடுத்துக்காட்டும் ஆனது. 2019இல் கேனன் 400 மி.மீ. லென்ஸ்கள் பலவற்றைச் சேர்த்துக் கட்டிய டிராகன்ஃபிளை கருவி அதே பேரடையைப் பார்த்தபோது ஒற்றை நீண்ட வளைவுதான் தெரிந்தது. முன்பு சொன்ன பல வளையங்கள் தென்படவில்லை. ஒரே கருவியின் நீண்ட பதிவை விட இரு கருவிகளின் ஒத்த சாட்சியத்துக்கு ஏன் மதிப்பு அதிகம் என்பதற்கு இது சான்று.

இடர்கள்

விண்மீன்களே முதல் தொல்லை. லென்ஸ் தொலைநோக்கியில் விண்மீன் வட்டப் புள்ளி. நியூட்டன் வகையில் துணைக் கண்ணாடியைத் தாங்கும் கம்பிகளால் நான்கு கூர் கொண்ட சிலுவை. இரண்டையும் கலந்தால் மங்கிய கூர்கள் பாதியில் நிற்கும். கம்பிகளின் கோணம் வேறுபட்டால் எட்டுக் கூர் முளைக்கும். கூர்மையான ஒளிர்வுப் படத்தின் மேல் அகன்ற நிறப் படத்தை ஏற்றினால் விண்மீனைச் சுற்றி நிற வளையம் சூழும். இன்று பெரும்பாலோர் ஸ்டார்நெட், ஸ்டார்எக்ஸ்டெர்மினேட்டர் போன்ற மென்பொருள்களால் விண்மீன்களைப் படத்திலிருந்து பிரித்தெடுத்து, பேரடையை மட்டும் இணைத்து, கடைசியில் ஒரே தொலைநோக்கியின் விண்மீன்களைத் திருப்பி வைக்கிறார்கள். இதிலும் விழிப்பு வேண்டும்: பேரடையின் கைகளில் உள்ள சிறிய ஹைட்ரஜன் முகில்களை விண்மீன் என்று எண்ணி மென்பொருள் பிடுங்கிவிடும்.

இரண்டாவது இடர் காலம். 2023 மே 19 அன்று ஜப்பானிய அமெச்சூர் கோய்ச்சி இதகாகி எம் 101இல் ஒரு சூப்பர்நோவாவைக் கண்டுபிடித்தார். அதற்கு முன்பு எடுத்த தரவையும் பின்பு எடுத்த தரவையும் சேர்த்து அடுக்கினால் அந்த விண்மீன் பாதி வெளிச்சத்தில் நிற்கும். அல்லது, செயற்கைக்கோள் கோடுகளை நீக்கும் அதே விதிப்படி அன்னியப் புள்ளி என்று அறவே தூக்கி எறியப்படும். காலத்தால் விலகிய தரவுகளை இணைக்கும்போது பதிவுத் தேதிகளைப் பார்ப்பது அவசியம்.

மொசைக்கில் விளிம்புத் தழும்பு மூன்றாவது. ஆழமான குறுகிய படம் முடியும் இடத்தில் இரைச்சல் திடீரென உயரும். பின்னணி வெளிச்சம் சமமாக இருந்தாலும் இழைநயம் மாறுவது கண்ணில் படும். எல்லையை மெல்ல மெல்லக் கரைய விடுவதும், பேரடையின் வடிவத்தை ஒட்டி மறைப்பு வரைவதும் வழக்கமான தீர்வுகள்.

மென்பொருள்கள்

பொருத்தல், சமன்செய்தல், எடையிடல், அலைக்கூறு முறை என எல்லாவற்றையும் ஒரே கூரையின் கீழ் தரும் கட்டண மென்பொருள் பிக்ஸ்இன்சைட். நெதர்லாந்தில் உருவான ஆஸ்ட்ரோ பிக்சல் புராசஸர், வெவ்வேறு கருவிகளின் தரவை மொசைக் ஆக்குவதில் பெயர் பெற்றது. இலவசமாகக் கிடைக்கும் சிரில் விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். பெரிய பிக்சல் உள்ள அகன்ற படங்களின் நுணுக்கத்தை ஓரளவு மீட்க உதவும் டிரிசில் என்னும் முறை, 1995இன் ஹபிள் ஆழ்புலப் படத்துக்காக ஆண்ட்ரூ ஃப்ருக்டரும் ரிச்சர்ட் ஹூக்கும் உருவாக்கியது. இன்று மேற்கண்ட மென்பொருள்களில் அதுவும் ஒரு தெரிவு. பதிவுகளுக்கு இடையே தொலைநோக்கியைச் சில பிக்சல் நகர்த்தி எடுத்திருந்தால்தான் அது பயன் தரும்.

அறிவிப்பும் போட்டி விதிகளும்

பல கருவிகளின் படத்தை வெளியிடும்போது ஒவ்வொரு தொலைநோக்கியின் விட்டம், குவியத் தூரம், கேமரா, வடிகட்டி, பதிவு நேரம், இடம் ஆகியவற்றைத் தனித்தனியே குறிப்பிடுவது நடைமுறை. மொத்த மணி நேரத்தை மட்டும் போடுவது போதுமானதாகக் கருதப்படுவதில்லை. 203 மி.மீ. கருவியின் 10 மணி நேரமும் 80 மி.மீ. கருவியின் 10 மணி நேரமும் ஒரே அளவு ஒளி அல்ல. ஒளிர்வு எதிலிருந்து, நிறம் எதிலிருந்து வந்தது என்பது தெரியாமல் மற்றவர் அந்தப் படத்தைத் தம் முயற்சிக்கு ஒப்பிடவும் முடியாது. ஹபிள் போன்ற பொதுக் காப்பகத் தரவு கலந்திருந்தால் எந்தப் பகுதியில் என்பதும் சேர்க்கப்படுகிறது.

போட்டிகளும் இந்த வேறுபாட்டைக் கணக்கில் எடுக்கின்றன. கிரீனிச் அரச வானாய்வகம் நடத்தும் ஆண்டின் வான்ஒளிப்படக் கலைஞர் போட்டியில், அண்ட்ரோமிடாவின் நீல வளைவைக் காட்டிய படம் 2023இன் ஒட்டுமொத்தப் பரிசைப் பெற்றது. பொதுவில் கிடைக்கும் பிறரது தரவைக் கொண்டு ஆக்கிய படங்களுக்கு அங்கே 2020 முதல் ஆனி மாண்டரின் பெயரில் தனிப் பிரிவு இருக்கிறது.